விடையைப் பாராமல் போட்ட கணக்கு



‘கணித்தல்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. கூட்டிக் கழித்துப் பெருக்கி வகுத்து விடை காண்பது ஒன்று. இனி வரப்போவதை முன்கூட்டிச் சொல்வது மற்றொன்று. நாளும் கோளும் பார்த்துச் சொன்னவரைப் பழந்தமிழர் ‘கணியன்’ என்று அழைத்தனர். பூங்குன்றனாரின் பெயருக்கு முன்னால் நிற்பது அந்தச் சொல்தான். நம் காலத்துக் ‘கணினி’யும் அதே குடும்பத்துப் பிள்ளை. எழுத்தறிவிக்கும் ஆசிரியருக்குக் ‘கணக்காயர்’ என்றொரு பழம்பெயர் இருந்ததையும் சேர்த்துக்கொண்டால், எங்கள் தொழிலும் இந்த உறவுக்குள் வந்துவிடுகிறது!

இந்த இரண்டு பொருளும் ஓரிடத்தில் வந்து கூடும் அறிவியல் துறை ஒன்று உண்டு. அதன் பெயர் கணிப்பு வேதியியல். குடுவையும் அடுப்பும் இல்லாமல், இயற்பியலின் அடிப்படை விதிகளை மட்டும் துணைக்கொண்டு, ஒரு மூலக்கூறு எந்த வடிவில் இருக்கும், எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்கிட்டுச் சொல்லும் துறை அது. கையில் பிடிக்கவே முடியாத மூலக்கூறு ஒன்றின் காந்தப் பண்பைக்கூட அது முன்கூட்டிச் சொல்கிறது. அதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். 2009ஆம் ஆண்டில் என்னிடம் ஆறாம் ஆண்டு படித்த மாணவி ஒருவர், இன்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இத்துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார். தீபாவளி விடுமுறையில் தம் தாயாருடன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். தாயாருக்கு மனக்குறை ஒன்று இருந்தது. “இவள் ஆய்வுக்கூடத்துக்கே போவதில்லை ஐயா. எந்நேரமும் கணினி முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள். இதுவும் வேதியியலா? சோதிடர்கூட இப்போது கணினியில்தான் சாதகம் கணிக்கிறார்” என்றார். மாணவி சிரித்தார். ஆனால், அந்தக் கேள்வி சிரித்துத் தள்ளக்கூடியது அன்று. கணினி சொல்லும் சாதகத்துக்கும் கணினி சொல்லும் மூலக்கூறுக்கும் என்ன வேறுபாடு? அன்றிரவு தொடங்கிய உரையாடல் மூன்று நாள்கள் நீண்டது. பிறகு நானும் தேடிப் படித்தேன்.

அறிவியலை அவர் ஆங்கிலத்தில் படிக்கத் தொடங்கியவர். 2003இல் தொடங்கி, 2009இல் கைவிட முடிவெடுக்கப்பட்ட அந்தக் கொள்கைக் காலத்துப் பிள்ளை. ஆகவே, ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் இருவரும் சேர்ந்துதான் தமிழ் தேடினோம். அந்தத் தேடலின் பயன் கீழே உள்ளது.

மூலக்கூறுக்கும் ஒருமை பன்மை உண்டு

எலக்ட்ரான் ஒவ்வொன்றும் ஒரு மிகச்சிறு காந்தம். அதன் தற்சுழற்சி என்னும் பண்பு அதனைக் காந்தமாக்குகிறது. பெரும்பாலான மூலக்கூறுகளில் எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாக இணைந்து, ஒன்றின் காந்தத்தை மற்றொன்று நீக்கிவிடும். அத்தகைய நிலைக்கு வேதியியலார் வைத்த பெயர் ‘ஒருமை நிலை’. இணையாத எலக்ட்ரான் ஒன்று இருந்தால் ‘இருமை நிலை’. இணையாத எலக்ட்ரான்கள் இரண்டு இருந்து, இரண்டும் ஒரே பக்கமாகச் சுழன்றால் ‘மும்மை நிலை’. நான்கு இருந்தால் ஐம்மை. ஆறு இருந்தால் எழுமை. வாய்பாடு எளிது: இணையாத எலக்ட்ரான்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டிக்கொள்க. காந்தப்புலத்தில் அந்த மூலக்கூறு அத்தனை வகையாகத் திரும்பி நிற்கலாம் என்பதே இதன் பொருள். இலக்கண வகுப்பில் ஒருமை பன்மை நடத்திப் பழகிய எனக்கு, மூலக்கூறுக்கும் எண் உண்டு என்பது மகிழ்ச்சியளித்தது.

மும்மை நிலைக்கு நாம் எங்கும் தேடிப் போக வேண்டியதில்லை. நாம் சுவாசிக்கும் ஆக்சிசனே மும்மைதான். திரவ ஆக்சிசனைக் காந்த முனைகளுக்கிடையே ஊற்றினால் அங்கேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். ஜேம்ஸ் டூவர் 1891இல் இதனைச் செய்து காட்டினார். ஏன் அப்படி என்பதற்கு லெனார்ட் ஜோன்ஸ் 1929இல் விளக்கம் தந்தார். ஆற்றல் சமமான இரண்டு இருக்கைகள் காலியாக இருக்கும்போது, கடைசி இரண்டு எலக்ட்ரான்களும் ஒரே இருக்கையில் நெருக்கியடித்து உட்காராமல் ஆளுக்கோர் இருக்கையில் அமர்கின்றன. காலையில் பள்ளிப் பேருந்தில் ஏறும் பிள்ளைகளும் அப்படித்தானே!

ஆக்சிசன் நல்ல பிள்ளை, சேர்த்து வைக்கலாம். ஆனால், உயர் தற்சுழற்சி கொண்ட மூலக்கூறுகள் பலவும் கண்ணிமைக்கும் நேரம்கூடத் தங்காதவை. அவற்றுள் ஒன்று மெத்திலீன். கார்பன் அணுவுக்கு நான்கு கைகள் என்று பள்ளியில் படிக்கிறோம். மெத்திலீனில் கார்பனின் இரண்டு கைகளை மட்டும் இரண்டு ஐதரசன் அணுக்கள் பற்றியிருக்கின்றன. எஞ்சிய இரண்டு எலக்ட்ரான்களும் இணையாமல் நிற்கின்றன. எதிரே வரும் எந்த மூலக்கூறையும் அது விடுவதில்லை. குப்பியில் அடைத்துப் பெயர்த்தாள் ஒட்டி அலமாரியில் வைக்க முடியாத பொருள் அது.

காந்தம் இல்லாத இடத்தில் ஒரு பிளவு

மும்மை நிலையில் உள்ள மூலக்கூறு மூன்று வகையாகத் திரும்பி நிற்கலாம் என்றேன். வெளியே காந்தமே இல்லாவிட்டால் மூன்றுக்கும் ஒரே ஆற்றல்தானே இருக்க வேண்டும்? இல்லை! இரண்டு எலக்ட்ரான்களும் காந்தங்கள் அல்லவா? ஒன்றின் காந்தத்தை மற்றொன்று உணர்கிறது. மூலக்கூறு உருண்டையாக இல்லாததால், எந்தத் திசையில் திரும்பி நிற்கிறது என்பதைப் பொறுத்து ஆற்றல் சற்றே மாறுகிறது. இதனைக் ‘காந்தப்புலமிலாப் பிளவு’ எனலாம்.

இந்தப் பிளவை இரண்டு எண்களால் குறிக்கிறார்கள். முதல் எண் ‘டி’. இரண்டு எலக்ட்ரான்களும் எவ்வளவு நெருங்கி இருக்கின்றன என்பதை அது காட்டும். காந்தங்களுக்கிடையிலான இடைவினையின் ஆற்றல் தொலைவின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். ஆகவே, சற்று விலகினாலும் டி விரைந்து சிறுத்துவிடும். இரண்டு எலக்ட்ரான்களும் பெரும்பாலும் ஒரே நைட்ரசனில் இருக்கும் பீனைல் நைட்ரீனில் டி ஏறத்தாழ 1. (ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை அலைகள் என்னும் அலகில் இதனை அளப்பார்கள்.) கார்பனில் தொடங்கி இரண்டு பென்சீன் வளையங்களுக்குள் சற்றே பரவும் டைபீனைல் கார்பீனில் 0.4. நாப்தலீனின் மும்மை நிலையில் 0.1. நான்கு கார்பன்களில் பரவிக் கிடக்கும் டிரைமெத்திலீன்மீத்தேனில் 0.024 மட்டுமே.

இரண்டாவது எண் ‘ஈ’. இது வடிவத்தைக் காட்டிக்கொடுக்கும் எண். நேரான மூங்கில் ஒன்றை அதன் நீளவாட்டில் உருட்டிப் பாருங்கள். எந்தப் பக்கமும் ஒன்றுபோல் தெரியும். வளைந்த அரிவாளை உருட்டினால் அப்படித் தெரியாது. மூலக்கூறு மூங்கில்போல் நேராக இருந்தால் ஈ சுழியம். அரிவாள்போல் வளைந்திருந்தால் சுழியம் அன்று. காந்தத்தை அளந்து வடிவத்தைச் சொல்லலாம் என்பது எவ்வளவு நுட்பமான செய்தி, பாருங்கள்!

மெத்திலீன் நேரா, வளைவா?

கெர்ஹார்ட் ஹெர்ட்ஸ்பெர்க் 1904இல் ஹாம்பர்க்கில் பிறந்தவர். மனைவி யூதர் என்பதால் 1935இல் செர்மனியை விட்டுக் கனடா சென்றார். மூலக்கூறுகளின் நிறமாலையைப் படிப்பதில் அவருக்கு நிகரானவர் அரிதாகவே இருந்தனர். மெத்திலீனின் நிறமாலையை அவர் பல ஆண்டுகள் தேடினார். 1942இல் கிடைத்துவிட்டதாகவும் எண்ணினார். வால்வெள்ளிகளில் தெரியும் ஒரு நிறப்பட்டையை ஆய்வுக்கூடத்திலேயே உண்டாக்கிக் காட்டினார். 1951இல் அது மூன்று கார்பன்கள் சேர்ந்த வேறொரு மூலக்கூறு என்று தெரியவந்தது. அவர் தளரவில்லை. டையசோமீத்தேன் வளிமத்தின்மீது கணநேர ஒளியைப் பாய்ச்சி அதனை உடைத்து, 1959இல் மெத்திலீனின் உண்மையான நிறமாலையைப் பதிவு செய்தார். அந்தக் கோடுகளை ஆராய்ந்து, மும்மை நிலை மெத்திலீன் நேரானது, அதாவது 180 பாகை கோணமுடையது என்று 1961இல் முடிவு சொன்னார். வளைந்திருக்கவும் கூடும் என்று அவர் எண்ணிப் பார்க்காமல் இல்லை. அதற்கு நிறமாலையில் காணாமற்போன சில கோடுகளுக்குத் தனிக் காரணம் ஒன்றைக் கற்பித்துக்கொள்ள வேண்டியிருந்தது. எனவே, எளிய விளக்கத்தையே தேர்ந்தார்.

அதற்கு ஓராண்டு முன்னர், 1960இல், பாஸ்டர், பாய்ஸ் என்னும் இருவர் ஒரு கணக்கை வெளியிட்டிருந்தனர். மெத்திலீனில் இருப்பவை மொத்தம் எட்டே எட்டு எலக்ட்ரான்கள். அந்த எட்டுக்கும் குவாண்டம் இயக்கவியலின் சமன்பாட்டை அக்காலத்துக் கணினியில் தோராயமாகத் தீர்த்தனர். கிடைத்த கோணம் 129 பாகை. நேரானது அன்று, நன்றாகவே வளைந்தது!

யாரை நம்புவது? ஒரு பக்கம் உலகமே மதிக்கும் நிறமாலை அறிஞர், கண்ணால் கண்ட கோடுகளோடு நிற்கிறார். மறுபக்கம் புதிதாகப் பிறந்த ஒரு கலை, கணினியில் வந்த ஓர் எண்ணோடு நிற்கிறது. உலகம் ஹெர்ட்ஸ்பெர்க்கை நம்பியது. அதில் வியப்பில்லை. 129 என்னும் எண் மட்டும் அச்சில் அப்படியே கிடந்தது.

பத்தாண்டுகள் சென்றன. 1970இல் பெண்டர், ஹென்றி ஷேபர் ஆகிய இருவரும் இன்னும் துல்லியமான கணக்கைப் போட்டனர். ஷேபருக்கு அப்போது வயது 26. கிடைத்த விடை 135.1 பாகை. நேர்கோடு என்னும் முடிவு ஏற்கத்தக்கதன்று என்று அவர்கள் வெளிப்படையாக எழுதினர்.

அதே 1970இல் காந்தம் சாட்சி சொல்ல வந்தது. பெர்ன்ஹைம் குழுவினரும் வாசர்மன் குழுவினரும் தனித்தனியே மெத்திலீனை உறைந்த செனானுக்குள் சிறைப்பிடித்தனர். சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 269 பாகைக் குளிரில், யாரையும் சந்திக்க வழியின்றி, அந்த அவசரக்கார மூலக்கூறு அடங்கிக் கிடந்தது. எலக்ட்ரான் தற்சுழற்சி ஒத்ததிர்வு என்னும் முறையால் அதன் பிளவை அளந்தனர். டி ஏறத்தாழ 0.69. ஈ மிகச் சிறியது. ஆனால் சுழியம் அன்று. அது சிறியதாக இருந்ததற்கும் காரணம் உண்டு. சிறைக்குள்ளேயும் மெத்திலீன் ஓரளவு சுழன்றுகொண்டிருந்தது. சுழலும் அரிவாள் தூரத்துப் பார்வைக்கு நேராகத் தெரிவதுபோல, சுழற்சி வளைவை மறைத்தது. ஐதரசனுக்குப் பதிலாக அதன் கனத்த உடன்பிறப்பான டியூட்டீரியத்தை வைத்துப் பார்த்தபோது சுழற்சி தணிந்தது, எண்களும் பெரிதாயின. வளைவு உறுதியாயிற்று. கோணம் ஏறத்தாழ 136 பாகை என்று கணக்கிட்டனர்.

அடுத்து நடந்ததை நான் என் மாணவர்களுக்கு அடிக்கடி சொல்வதுண்டு. 1971இல் ஹெர்ட்ஸ்பெர்க் தம் பழைய நிறமாலையை மீண்டும் எடுத்து ஆராய்ந்தார். தாம் ஒதுக்கிவைத்த அந்த மற்றொரு விளக்கமே சரியென்று, ஜான்ஸ் என்பவருடன் சேர்ந்து தாமே கட்டுரை எழுதினார். மெத்திலீன் வளைந்தது என்று உலகுக்கு அறிவித்தார். அதே ஆண்டில்தான் அவருக்கு வேதியியலுக்கான நோபல் பரிசும் கிடைத்தது. சொல்பவர் யாரென்று பாராமல் சொல்லும் பொருளின் உண்மையைப் பார்க்க வேண்டும் என்று வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில் சொன்னதற்கு, இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. இன்று ஏற்கப்படும் கோணம் ஏறத்தாழ 134 பாகை.

இரண்டாம் முறையும் அதே கதை

ஒருமுறை வென்றால் தற்செயல் எனலாம். மெத்திலீன் இரண்டாம் முறையும் கணிப்பைச் சோதித்தது. மும்மை நிலைக்கும் அதற்கு மேலுள்ள ஒருமை நிலைக்கும் இடையே ஆற்றல் வேறுபாடு எவ்வளவு என்பது கேள்வி. மூலக்கூறு காந்தமாக இருக்குமா, இராதா என்பதைத் தீர்மானிக்கும் எண் இது. எழுபதுகளின் நல்ல கணக்குகள் மோலுக்கு 11 கிலோகலோரி அளவில் விடை சொல்லின. 1976இல் அமெரிக்காவின் கொலராடோவில் லைன்பெர்கர் குழுவினர் சீரொளியைக் கொண்டு அளந்தபோது 19.5 வந்தது. ஏறக்குறைய இரு மடங்கு!

கணிப்பாளர்கள் மீண்டும் மீண்டும் கணக்கைச் சரிபார்த்தனர். எண் அசையவில்லை. சோதனையில் பயன்பட்ட அயனிகள் ஏற்கெனவே சூடாக அதிர்ந்துகொண்டிருந்திருக்கலாம், அதனால் மிகைக் கோடுகள் தோன்றியிருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். 1984இல் லைன்பெர்கரின் ஆய்வுக்கூடமே மேம்பட்ட கருவியோடு மீண்டும் அளந்தது. மிகைக் கோடுகள் உண்மையென்று தெரிந்தது. புதிய விடை 9 கிலோகலோரி. தம் முந்தைய எண்ணைத் திருத்தியவர்கள் அதனை அளந்தவர்களே என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும்.

தாளும் எழுதுகோலும் போதுமா?

சில கணிப்புகளுக்குக் கணினியே தேவையில்லை. டிரைமெத்திலீன்மீத்தேன் என்னும் மூலக்கூறில் நடுவில் ஒரு கார்பன், சுற்றிலும் மூன்று. ஒன்றுவிட்டு ஒன்றாக உடுக்குறி இடுங்கள். சுற்றியுள்ள மூன்றும் குறி பெறும், நடுவிலுள்ளது பெறாது. மூன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் இரண்டு. ஆகவே, இணையாத எலக்ட்ரான்கள் இரண்டு, மூலக்கூறு மும்மை. லாங்கட் ஹிக்கின்ஸ் 1950இல் எழுதியதையும் ஒவ்சின்னிகோவ் 1978இல் விரித்ததையும் ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கும் இவ்வளவு எளிதாகச் சொல்லிவிடலாம். பால் டவுட் 1966இல் இந்த மூலக்கூறை உண்டாக்கி அளந்தபோது அது மும்மையாகவே இருந்தது.

ஆனால், எத்தனை எலக்ட்ரான் என்பது வேறு. டி எவ்வளவு என்பது வேறு. பின்னதற்குக் கணினி வேண்டும். அங்கேயும் எண்ணிக்கை கூடினால் எல்லாம் கூடும் என்று நினைத்துவிடக் கூடாது. அறுகோண வளையம் ஒன்றில் ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று நைட்ரீன்களை வைத்தால், ஆறு எலக்ட்ரான்களும் ஒரே பக்கம் சுழலும் எழுமை நிலை கிடைக்கிறது. ஒவ்வொரு நைட்ரீனின் டி தனித்தனியே 1 அளவு. மூன்றும் சேர்ந்தால் 3 வரும் என்றுதானே தோன்றும்? மூன்றும் 120 பாகை இடைவெளியில் வெவ்வேறு திசை நோக்குவதாலும், மொத்தத் தற்சுழற்சியில் ஒவ்வொன்றின் பங்கும் குறைவதாலும், கிடைப்பது ஏறத்தாழ 0.1 மட்டுமே, அதுவும் எதிர்க்குறியோடு! ஊர் கூடித் தேர் இழுக்கும்போது ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் தேர் எவ்வளவு நகரும்?

இங்கேதான் கணிப்பின் அன்றாடப் பயன் தெரிகிறது. மூன்று அசைடுகள் கொண்ட பொருளை உறைந்த ஆர்கானில் வைத்து ஒளி பாய்ச்சினால், எல்லாம் ஒரே நேரத்தில் உடைவதில்லை. மும்மை, ஐம்மை, எழுமை மூன்றும் கலந்து கிடக்கும். அளவியில் தெரியும் கோடுகளில் எது யாருடையது என்று பிரித்தறிய, ஒவ்வொன்றின் டி, ஈ மதிப்புகளும் முன்கூட்டியே தெரிந்திருந்தால் பேருதவி. அந்த மதிப்புகளைக் கணிப்புதான் தருகிறது.

கணிப்பு எளிது என்று எண்ண வேண்டாம். பிளவுக்குக் காரணங்கள் இரண்டு. எலக்ட்ரான்களின் காந்தங்கள் ஒன்றையொன்று உணர்வது முதல் காரணம். எலக்ட்ரானின் தற்சுழற்சியும் அணுக்கருவைச் சுற்றிய அதன் இயக்கமும் பிணைவது இரண்டாவது. கார்பன், நைட்ரசன் மூலக்கூறுகளில் பெரும்பாலும் முதலாவதே ஓங்கி நிற்கும். ஆக்சிசனில் இரண்டாவதன் பங்கே பெரிது. புரோமின் போன்ற கனத்த அணு ஒன்று சேர்ந்துவிட்டால் இரண்டாவது மேலும் ஓங்கும். எலக்ட்ரான் அடர்த்தியைக் கொண்டு கணக்கிடும் எளிய முறையிலும் ஒரு பொறி இருக்கிறது. சின்னெக்கர், நீஸ் ஆகியோர் 2006இல் கார்பீன்களை வைத்துச் சோதித்தபோது, கூடுதல் சுதந்தரம் தந்த கணக்கைவிட, எலக்ட்ரான்களை இணைகளாகக் கட்டுப்படுத்திய அடர்த்தியே அளவீட்டுக்கு நெருங்கி வந்தது. முறையைத் தேர்ந்தெடுப்பதே ஒரு கலை என்று ஆகிறது. முறைகள் பலவாக இருக்கும் இடத்தில்தான் மனிதனுக்குச் சோதனையும் வருகிறது.

பொருந்திய ஒன்றும் பொருந்தாத ஐந்தும்

என் மாணவி ஒரு நைட்ரீனின் டி மதிப்பை ஆறு முறைகளில் கணக்கிட்டிருந்தார். அதன் அளவீடு ஏற்கெனவே வெளிவந்திருந்தது. ஐந்து முறைகள் அந்த அளவீட்டிலிருந்து விலகி, ஆனால் தமக்குள் ஒன்றையொன்று நெருங்கி நின்றன. ஆறாவது மட்டும் கச்சிதமாகப் பொருந்தியது. ஆறினுள்ளும் அதுவே மிகவும் தோராயமான முறை! பொருந்தியதை மட்டும் எழுதிவிடும்படி உடன் பணியாற்றும் ஒருவர் அவருக்கு அறிவுரை கூறியிருக்கிறார்.

“அது பொய்யாகாதே, ஐயா? அந்த எண் உண்மையாகவே வந்த எண்தானே?” என்று கேட்டார். கேட்டவரின் முகத்தில் தெளிவில்லை. நான்காம் ஆண்டு உதவித்தொகை, கட்டுரை வெளிவருவது, பட்டம் முடிவது எல்லாம் அந்த ஒரு வரிசை எண்களைச் சுற்றி நின்றன.

எனக்கு வேதியியல் தெரியாது. ஆனால், இந்தக் கேள்வியை இருபது ஆண்டுகளுக்கு மேலாக அறிவேன். ஆண்டுத் தொடக்கத்தில் பயிற்சி நூல்களின் விடைப்பக்கங்களை மாணவர்களிடமிருந்து கிழித்து வாங்கி, என் அலமாரியில் பூட்டி வைத்துவிடுவேன். விடை தெரிந்த பிள்ளை கணக்குப் போடுவதில்லை. விடைக்கு வழி கட்டுகிறது. எங்கே பெருக்கினால் அந்த எண் வருமோ அங்கே பெருக்கும். ஒருமுறை ஒரு மாணவனின் விடை மட்டும் நூலின் விடையோடு ஒத்துப்போகவில்லை. வரி வரியாகப் பார்த்தோம். நூலில் அச்சிட்டிருந்த விடைதான் தவறு. விடைப்பக்கம் அவன் கையில் இருந்திருந்தால், சரியான தன் கணக்கை அவனே அழித்துத் திருத்தியிருப்பான்.

இதைத்தான் அவரிடம் சொன்னேன். “எண் உண்மைதான், அம்மா. ஆனால், அதை ஏன் தேர்ந்தாய் என்று கேட்டால் என்ன சொல்வாய்? விடை தெரியாதிருந்தால் அந்த முறையைத் தேர்ந்திருப்பாயா?”

நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “தேர்ந்திருக்க மாட்டேன்” என்றார்.

ஊர் திரும்பியபின் அவர் செய்ததை மடலில் எழுதியிருந்தார். மெத்திலீன் முதலிய, நன்கு அளக்கப்பட்ட சிறிய மூலக்கூறுகளில் ஆறு முறைகளையும் சோதித்து, எது நம்பத்தக்கது என்று முதலில் தீர்மானித்தார். பிறகு ஆறு எண்களையும் ஒரே அட்டவணையில் அச்சிட்டார். தாம் நம்பும் முறை அளவீட்டோடு ஒத்துப்போகவில்லை என்பதையும் மறைக்கவில்லை. அதோடு, இதுவரை யாரும் அளக்காத இன்னொரு மூலக்கூறுக்கும் அதே முறையில் டி, ஈ மதிப்புகளைக் கணித்துச் சேர்த்திருக்கிறார். கட்டுரை வெளிவரச் சில மாதங்கள் தாமதமாயின. பிழை கணிப்பிலா, அளவீட்டிலா என்பது இன்னும் தெரியவில்லை. தெரியும்போது அது யாருக்குச் சாதகமாக அமைந்தாலும், அவருடைய எண்கள் அங்கே இருக்கும்.

தாயாரின் கேள்விக்கும் இதில் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். பொய்த்துப்போகக்கூடிய வகையில், தசமப் புள்ளியோடு, விடை வருவதற்கு முன்னரே எழுதி வைப்பது அறிவியலின் கணிப்பு. எப்படி நடந்தாலும் ‘அன்றே சொன்னேன்’ என்று பின்னால் பொருத்திக்கொள்ள இடம் விட்டு வைப்பது மற்றது. கருவியாகக் கணினி இருப்பதாலோ இல்லாததாலோ இந்த வேறுபாடு வருவதில்லை.

பயன் என்ன?

இரும்பும் நிக்கலும் இல்லாத, கார்பனாலான காந்தம் செய்ய வேண்டும் என்பது இத்துறையின் பழைய கனவு. 1967இல் இரண்டு கார்பீன்கள் சேர்ந்த ஐம்மை கண்டார்கள். ஜப்பானில் இவாமுரா குழுவினர் 1993இல் ஒன்பது கார்பீன்களை ஒரே மூலக்கூறில் கோத்து, பதினெட்டு எலக்ட்ரான்களையும் ஒரே பக்கம் சுழலச் செய்தனர். முழுக் கரிமக் காந்தம் ஒன்று 1991இல் கிடைத்தது. ஆனால், அது தனிச்சுழியத்துக்கு மேல் 0.6 பாகைக்குள்தான் காந்தமாக இருக்கும். குளிர்பதனப்பெட்டியின் கதவில் ஒட்டிவைக்கும் பொருளாக அது ஆவதற்கு இன்னும் வெகுதொலைவு போக வேண்டும்! எந்த மூலக்கூறைச் செய்தால் பயன் இருக்கும், எதைச் செய்வது வீண் என்று முன்கூட்டிச் சொல்லும் வேலை கணிப்புடையது. அதனால்தான் அந்தக் கணிப்பில் நேர்மை வேண்டியிருக்கிறது. தவறான எண்ணை நம்பி இன்னொருவர் மூன்றாண்டுகள் ஆய்வுக்கூடத்தில் செலவிடுவார் அல்லவா?

பெற்றோரான வாசக அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை கணக்குப் போட்டு முடித்துவிட்டு, “சரியா?” என்று கேட்டு நூலை நீட்டும்போது உடனே விடைப்பக்கத்தைத் திருப்பாதீர்கள். “நீ எப்படிச் செய்தாய்?” என்று முதலில் கேளுங்கள். அது தன் எண்ணை மையால் எழுதி முடிக்கட்டும். பிறகு திருப்புங்கள். இரண்டு எண்களும் வேறாக இருந்தால், இருவருமாக உட்கார்ந்து இரண்டையும் சரிபாருங்கள். சில வேளைகளில் பிள்ளையின் எண் நிற்கும்.